ஜெர்மனியின் ரொட்டியும் காலை உணவும்: புதிதாக வந்தவர் எதிலிருந்து தொடங்குவது?

பொருநை (லைப்சிக்) எழுதியது:

வணக்கம். முதுகலைப் படிப்புக்காக இந்தக் குளிர்காலப் பருவத்தில் லைப்சிக் வந்து சேர்ந்திருக்கிறேன். வாடகை, வங்கிக் கணக்கு, மருத்துவக் காப்பீடு என்று எல்லாவற்றுக்கும் இந்தக் குழுவில் விடை கிடைத்தது. தினமும் வயிற்றுக்குள் போகிற ரொட்டியைப் பற்றி மட்டும் யாரும் விரிவாக எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பிரெட் என்பது காய்ச்சல்காரருக்குப் பாலில் தோய்த்துக் கொடுக்கிற பண்டம். இங்கே அதுவே சாப்பாடாக இருக்கிறது. தெருமுனைப் பேக்கரியில், விற்பவருக்குப் பின்னால் உள்ள மரத்தட்டுகளில் உருண்டையாகவும் நீளமாகவும், மேலே மாவு தூவியும் சூரியகாந்தி விதை ஒட்டியும் பல வகை ரொட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு உண்டு. ஆனால் அந்தப் பெயரிலிருந்து உள்ளே என்ன இருக்கிறது என்று ஊகிக்க எனக்கு இன்னும் தெரியவில்லை. கறுப்பாக இருப்பதுதான் உடம்புக்கு நல்லது என்று நினைத்து ஒன்றை வாங்கினேன். அது கனமாகவும் நல்ல புளிப்பாகவும் இருந்தது. அந்தப் புளிப்பு இயல்பானதுதானா? மாலையில் அடுப்பே பற்றவைக்காமல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுவிட்டு உறங்கப்போகும் பழக்கம் எப்படி வந்தது? இன்னொன்றும் இருக்கிறது. மேல்தளத்தில் வசிக்கும் குடும்பத்தினர் ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்கு அழைத்து, வரும்போது ப்ரோட்ஷென் எனும் சிறு ரொட்டிகளை வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். எத்தனை வாங்குவது, எந்த வகை வாங்குவது, மேசையில் எப்படி நடந்துகொள்வது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மாவுக்காரன் (ஹனோவர்) எழுதியது:

அக்கா, நான் இங்கே ஒரு பேக்கரியில் மூன்றாண்டுத் தொழிற்பயிற்சியில் இருக்கிறேன். கடையில் வேலை, தொழிற்பள்ளியில் பாடம் என்று இரண்டும் சேர்ந்த பயிற்சி இது. ஆகவே உங்கள் கேள்வி எனக்கு மிகவும் பிடித்த கேள்வி.

பெயர்ச்சீட்டைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. கடைக்காரர் தம் விருப்பப்படி என்ன பெயர் வேண்டுமானாலும் சூட்டிக்கொள்ளலாம். ஆனால் அடிப்படை வகைப்பெயரை அப்படி வைக்க முடியாது. அதற்கென்று நாடு முழுவதற்கும் பொதுவான வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. வைட்ஸன்ப்ரோட் என்று எழுதியிருந்தால் மாவில் குறைந்தது 90 சதவீதம் கோதுமை. ரோக்கன்ப்ரோட் என்றால் குறைந்தது 90 சதவீதம் ரை எனும் தானியம். இரண்டுக்கும் இடைப்பட்டவை எல்லாம் மிஷ்ப்ரோட், அதாவது கலப்பு ரொட்டி. அதிலும் கோதுமை பாதிக்கு மேல் இருந்தால் வைட்ஸன்மிஷ்ப்ரோட், ரை பாதிக்கு மேல் இருந்தால் ரோக்கன்மிஷ்ப்ரோட். ஃபோல்கோர்ன் என்ற சொல் இருந்தால்தான் முழுத்தானியம். அதற்கும் 90 சதவீதம் என்ற கீழ்வரம்பு உண்டு. மேர்கோர்ன் என்ற சொல்லைப் பார்த்துப் பலரும் முழுத்தானியம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது குறைந்தது 3 வகைத் தானியம் கலந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த மாவு நன்றாகத் தீட்டிய வெள்ளை மாவாகவும் இருக்கலாம். நிறத்தையும் நம்ப வேண்டாம். முளைகட்டி வறுத்த தானியமான மால்ட் சேர்த்தால் வெள்ளை மாவு ரொட்டியும் பழுப்பாகிவிடும்.

புளிப்பைப் பற்றிக் கேட்டீர்கள். அது சுவைக்காக மட்டும் சேர்ப்பதன்று. ரை மாவுக்கு அது இல்லாமல் முடியாது. கோதுமை மாவைப் பிசைந்தால் பசையம் (குளூட்டன்) வலைபோல் பின்னிக்கொண்டு காற்றைப் பிடித்து வைக்கும். ரை மாவில் அந்த வலை உருவாவதில்லை. அதிலுள்ள பென்டோசான் என்ற பொருள் நீரை ஏராளமாக உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அதோடு, அடுப்பில் ரை மாவின் மாவுச்சத்து வெந்து இறுகும் நேரத்தில், அதைச் சிதைக்கும் அமிலேஸ் நொதிகளும் இன்னும் செயல்பட்டுக்கொண்டிருக்கும். அவற்றை அடக்காவிட்டால் மேலே ஓடு வெந்து, உள்ளே களிபோல ஈரமாக நிற்கும். புளித்த மாவின் அமிலம்தான் அந்த நொதிகளை அடக்குகிறது. அதனால்தான் சவர்டைக் எனப்படும் புளிமாவை எங்கள் கடையில் நாள் தவறாமல் உணவூட்டி வளர்க்கிறோம். இட்லி மாவு பொங்கிவிட்டதா என்று மூடியைத் திறந்து மோந்து பார்ப்பதுபோலவே எங்கள் மாஸ்டரும் பாத்திரத்தின் மேல் குனிந்து மோந்து பார்த்துத்தான் அடுத்த வேலையைத் தொடங்குவார்.

நீங்கள் வைட்ஸன்மிஷ்ப்ரோட்டிலிருந்து தொடங்குங்கள். புளிப்பு மெலிதாக இருக்கும். முழு ரொட்டி வாங்க வேண்டியதில்லை. பாதி கேட்டால் வெட்டித் தருவார்கள். துண்டு போட்டுத் தரவா, முழுசாகத் தரவா என்று கேட்பார்கள். இயந்திரத்தில் துண்டு போட்டால் வசதிதான், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும்.

வல்வை (டோர்ட்முண்ட்) எழுதியது:

பிள்ளை, நான் எண்பதுகளில் இந்த நாட்டுக்கு வந்தவன். எங்கள் ஊரில் காலையில் பாணும் சம்பலும் சாப்பிடுவது வழக்கம் என்பதால் ரொட்டி எனக்குப் புதிதாக இருக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்துப் பாண் கோதுமை மாவுப் பாண், மெத்தென்று இருக்கும். இங்குள்ள கடும் ரொட்டியோடு இணங்குவதற்குக் காலம் எடுத்தது. ரூர் பகுதியில் கலப்பு ரொட்டியைக் கிராவ்ப்ரோட் என்றுதான் கேட்பார்கள். அதை ஓரம் முறுகும்வரை வாட்டி, தேங்காய்ச் சம்பலோடு சாப்பிட்டுப் பாருங்கள். ரையின் புளிப்புக்கும் சம்பலின் உறைப்புக்கும் அப்படியொரு பொருத்தம் இருக்கிறது. என்னுடைய பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள், அவர்களுக்கு வேறு எந்தப் பாணும் சம்பலுக்குச் சரிவராது.

தம்பி சொன்னதில் ஒன்றை மட்டும் நான் மாற்றிச் சொல்வேன். புளிப்பு மெலிதான வகையிலேயே நெடுநாள் நின்றுவிட்டால் இந்த நாட்டு ரொட்டியின் ஆழம் தெரியாமலே போய்விடும். நான் இருப்பது வெஸ்ட்ஃபாலியா. இந்த மண்ணுக்குரியது பம்பர்நிக்கல். கரடுமுரடாக உடைத்த ரையை மூடிய பெட்டிகளில் இட்டு, குறைந்த சூட்டில் குறைந்தது 16 மணி நேரம் வேகவைக்கிறார்கள். அந்த நீண்ட வேக்காட்டினால்தான் அது காப்பிக்கொட்டை நிறத்துக்கு வருகிறது, இனிப்பும் ஏறுகிறது. அதற்கு மேலோடு என்பதே கிடையாது. மெல்லிய சதுரத் துண்டாக எடுத்து, வெண்ணெய் தடவி, காரமான பாலாடைக்கட்டி ஒரு துண்டு வைத்து, மெதுவாக மென்று சாப்பிட வேண்டும். பெரிய துண்டாகக் கடித்தால் அதன் சுவை பிடிபடாது.

மாலை ரொட்டியைப் பற்றியும் கேட்டீர்கள். இங்கே நெடுங்காலம் மதியம்தான் சூடான உணவு. தொழிற்சாலை உணவகத்திலோ வீட்டிலோ மதியம் நிறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு மாலையில் ரொட்டியே போதுமானதாக இருந்தது. அதற்கு ஆபன்ட்ப்ரோட் என்று பெயர். நான் முதலில் வேலை செய்த இடத்தின் மேற்பார்வையாளர் வீட்டில் அதைப் பார்த்தேன். ஆளுக்கொரு சிறிய மரப்பலகை, நடுவில் ரொட்டிக் கூடை, ஊறுகாய் வெள்ளரி, முள்ளங்கி, இரண்டு மூன்று வகைப் பாலாடைக்கட்டி, இறைச்சித் துண்டுகள். அடுப்படியில் யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை. வீட்டுக்காரி உட்பட எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, அன்று நடந்ததைக் கதைத்தபடி சாப்பிட்டார்கள். சமைத்தவர் மட்டும் கடைசியில் தனியாகச் சாப்பிடும் வழக்கத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, குளிர்ந்த உணவிலும் இப்படியொரு நன்மை உண்டு என்று அன்று விளங்கியது.

ரைன்கரை (கொலோன்) எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை விருந்தைப் பற்றி நான் சொல்கிறேன், தோழி. பெரியவர்களுக்கு ஆளுக்கு இரண்டு என்று கணக்கிட்டு, மேலே ஒன்றிரண்டு கூடுதலாக வாங்குங்கள். பாதி வெறும் வெள்ளை ப்ரோட்ஷென், மீதியில் கசகசா தூவியது, பூசணி விதை ஒட்டியது, ரை கலந்தது என்று கலந்து எடுத்தால் எல்லோருக்கும் பொருந்தும். பெர்லினில் ஷ்ரிப்ப, பவேரியாவில் ஸெம்மல், ஸ்வாபியாவில் வெக்லெ என்று பெயர் மாறும்; எங்கே போனாலும் விரலால் காட்டினால் எடுத்துத் தருவார்கள். காலையில் சுட்டது மாலைக்குள் ரப்பர்போல் இழுக்கத் தொடங்கிவிடும் என்பதால் முதல்நாளே வாங்கி வைக்காதீர்கள்.

மேசையில் உட்கார்ந்ததும், ப்ரோட்ஷெனை நடுவில் கிடையாக அறுத்து இரண்டு பாதிகளாக்குவார்கள். மூடி சாப்பிடும் சாண்ட்விச் அன்று அது. ஒவ்வொரு பாதியும் தனித் தனி. முதலில் வெண்ணெய், அதன்மேல் ஒன்றில் பழப்பாகு, மற்றொன்றில் பாலாடைக்கட்டி. கீழ்ப்பாதி தட்டையாக இருப்பதால் அதில் எதையும் அடுக்கலாம். மேல்பாதி வளைந்து இருப்பதால் தேனோ பழப்பாகோ வழியும், கவனமாகப் பிடிக்க வேண்டும். குவார்க் என்ற கெட்டித் தயிர் போன்ற ஒன்றையும் வைப்பார்கள். வெண்ணெய்க்குப் பதில் அதைத் தடவி மேலே பழப்பாகு வைத்தால் மிகவும் நன்றாக இருக்கும். அரைவேக்காட்டு முட்டை ஒரு சிறு கிண்ணத்தில் நிமிர்ந்து நிற்கும். சூடு ஆறாமலிருக்கச் சில வீடுகளில் அதற்குக் கம்பளித் தொப்பிகூடப் போட்டிருப்பார்கள். கரண்டியால் உச்சியைத் தட்டி ஓட்டை எடுத்துவிட்டு, உப்புத் தூவி உள்ளிருந்து அள்ளிச் சாப்பிட வேண்டும். அவசரப்பட்டு எழுந்துவிடாதீர்கள். ஞாயிற்றுக் காலை உணவு இங்கே மதியம்வரை நீளும். பேச்சுத்தான் அதில் முக்கியம்.

வேலை நாட்களில் இப்படி எல்லாம் இல்லை. பலர் வீட்டில் ஒரு கிண்ணம் மூஸ்லியோடு (ஓட்ஸும் உலர்பழமும் கலந்தது) கிளம்பிவிடுகிறார்கள். இன்னும் பலர் ரயில் நிலையப் பேக்கரியில் எதையாவது வாங்கி நடைமேடையிலேயே சாப்பிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் பையில் ரொட்டி டப்பா கட்டாயம் இருக்கும். அலுவலகங்களில் ஒன்பது மணியையொட்டி இரண்டாவது காலை உணவு நடக்கும். உங்களுக்குப் பிறந்தநாள் வந்தால் மற்றவர்கள் வாங்கித் தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். பிறந்தநாள்காரர்தான் எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும். அந்த மேசையில் இளஞ்சிவப்பாக, மேலே வெங்காயம் தூவி ஒன்று இருக்கும். அதன் பெயர் மெட். அது வேகவைக்காத பன்றி இறைச்சிக் கொத்து. ஜெர்மானியர்கள் மிக விரும்பிச் சாப்பிடுவார்கள். புதிதாக வந்தவர் அது பச்சை இறைச்சி என்று தெரிந்துகொண்டு பிறகு முடிவு செய்வது நல்லது. கருவுற்ற பெண்கள் அதைத் தொடக்கூடாது என்று மருத்துவர்களே சொல்கிறார்கள்.

சைவமேடு (ஸ்டுட்கார்ட்) எழுதியது:

இறைச்சி உண்ணாதவர்களுக்காக நான் சிலவற்றைச் சேர்க்கிறேன். இதைக் கேட்டு எனக்குத் தனிச்செய்தி அனுப்புபவர்கள் பலர்.

ரொட்டியின் அடிப்படை மாவு, நீர், உப்பு, புளிமா அல்லது ஈஸ்ட், அவ்வளவுதான். ஆகவே பெரும்பாலான ரொட்டிகளில் சைவர்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் முடிச்சுப்போல் முறுக்கிச் சுடும் ப்ரெட்ஸலில் கவனம் தேவை. சில பேக்கரிகளில், குறிப்பாக எங்கள் ஸ்வாபிய வட்டாரத்தின் பழைய செய்முறையில், மாவோடு பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. வெண்ணெய் சேர்ப்பவர்களும் தாவர எண்ணெய் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பொதியிடாத உணவுக்கும் ஒவ்வாமைத் தகவல் தர வேண்டும் என்ற விதி 2014 டிசம்பர் முதல் இருக்கிறது. கடையில் அந்தக் கோப்பு இருக்கும். ஆனால் பன்றிக்கொழுப்பு ஒவ்வாமைப் பொருள் பட்டியலில் வருவதில்லை என்பதால், கோப்பைப் பார்த்தால் மட்டும் போதாது. ஷ்மால்ட்ஸ், அதாவது பன்றிக்கொழுப்பு, இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். வெங்காய ரொட்டியில் சில இடங்களில் ஷ்பெக் எனும் உப்பிட்ட பன்றிக்கொழுப்புத் துண்டுகள் இருக்கும். கண்டிப்பான சைவர்கள் பாலாடைக்கட்டியில் கன்றின் வயிற்று நொதி சேர்த்திருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்; நுண்ணுயிர் நொதி என்று அச்சிட்ட பொதிகள் எல்லாக் கடைகளிலும் கிடைக்கின்றன.

இதற்கெல்லாம் அஞ்சி ப்ரெட்ஸலையே விட்டுவிடாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சுடுவதற்கு முன் மாவை நீர்த்த சோடாக் காரக்கரைசலில் முக்கி எடுப்பதால்தான் அந்தப் பளபளக்கும் செம்பழுப்பு நிறமும் தனி மணமும் வருகின்றன. ஸ்வாபிய ப்ரெட்ஸலின் கைகள் மெலிந்து மொறுமொறுவென்றும், வயிறு தடித்து, மேலே கீறலோடு மெத்தென்றும் இருக்கும். பவேரியாவில் இந்த வேறுபாடு அவ்வளவு இராது. வயிற்றுப் பகுதியைப் பிளந்து வெண்ணெய் வைத்துத் தருவார்கள். காலை வகுப்புக்கு ஓடும்போது அதைவிட நல்ல துணை எனக்குத் தெரியாது.

கணக்கர் (ம்யூனிக்) எழுதியது:

எல்லோரும் பேக்கரியைப் போற்றி எழுதுகிறீர்கள். மாணவர் ஒருவரின் கையில் இருக்கும் பணத்தையும் நினைத்துப் பாருங்கள். கைத்தொழில் பேக்கரியில் ஒரு கிலோ ரொட்டி 5 யூரோவைத் தாண்டும் இடங்கள் ஏராளம். ஆல்டி, லிடில் போன்ற மலிவு விலைப் பேரங்காடிகளில் அதில் பாதிக்கும் குறைவான விலைக்கு, கடையிலேயே சுட்ட ரொட்டி கிடைக்கிறது. அதுவும் ஃபோல்கோர்ன் என்றால் அதே 90 சதவீத நெறிக்கு உட்பட்டதுதான். உடம்புக்குக் கிடைக்கும் நார்ச்சத்தில் பெரிய வேறுபாடு இருக்கும் என்று நான் நம்பவில்லை. பேக்கரி ரொட்டியே வேண்டுமென்றால் முதல்நாள் மீந்ததைக் குறைந்த விலைக்கு விற்கும் தட்டைக் கேளுங்கள். அல்லது மீந்த உணவைக் குறைந்த விலைக்குத் தரும் டூ குட் டூ கோ செயலியில் மாலைப் பையை முன்பதிவு செய்யுங்கள். ரொட்டியைத் துண்டுகளாக உறைபெட்டியில் போட்டு, வேண்டும்போது நேராக டோஸ்டரில் வாட்டினால் ஒரு துண்டும் வீணாகாது. ஜெர்மன் ரொட்டி யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது என்பதற்காகப் படிக்கிற பிள்ளைகள் கூடுதல் விலை கொடுக்க வேண்டியதில்லை.

மாவுக்காரன் (ஹனோவர்) எழுதியது:

கணக்கர் அண்ணா சொன்ன சிக்கனம் எனக்கும் உடன்பாடுதான்; முதல்நாள் ரொட்டியை நானே பரிந்துரைப்பேன். ரை ரொட்டி சுட்ட அன்றைவிட மறுநாள்தான் சுவை கூடி வெட்டவும் இசைவாக இருக்கும். யுனெஸ்கோ பற்றி ஒரு திருத்தம் மட்டும். ஜெர்மன் ரொட்டிப் பண்பாடு 2014இல் சேர்க்கப்பட்டது ஜெர்மனியின் தேசிய மரபுப் பட்டியலில். உலகப் பட்டியலில் அன்று. இந்த நாட்டு ரொட்டிப் பதிவேட்டில் 3,000க்கும் மேற்பட்ட வகைகள் பதிவாகியிருக்கின்றன என்பது உண்மை.

ஆனால் இரண்டு ரொட்டியும் ஒன்றே என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வேறுபாடு நார்ச்சத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. தொழிற்சாலையில் அரைவேக்காடாகச் செய்து உறையவைத்து அனுப்பிய மாவுருண்டையைக் கடை அடுப்பில் சூடேற்றுவது ஒன்று. முந்திய நாளே புளிமாவை ஏற்றி, இரவெல்லாம் வைத்து, விடியலில் சுடுவது வேறு. இரண்டாவது வகையில் நீர் ரொட்டிக்குள் நன்றாகப் பிணைந்து நிற்பதால் அது ஒரு வாரம்வரை தாங்குகிறது. ஒருவாரம் சாப்பிடக்கூடிய ஒரு கிலோவையும், மூன்றாம் நாள் வறண்டு குப்பைக்குப் போகும் அரைக்கிலோவையும் ஒரே தராசில் வைத்து விலை பேசுவது சரியன்று.

இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. நாங்கள் நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்கு வேலையைத் தொடங்குகிறோம். 1915இல், போர்க்காலத்தில், இரவில் ரொட்டி சுடுவதற்கு இந்த நாட்டில் தடை வந்தது. அது 1996வரை ஏதோ ஒரு வடிவில் நீடித்தது. தடை நீங்கிய பிறகு காலையில் சூடான ப்ரோட்ஷென் கிடைப்பது எளிதானது, ஆனால் அந்த உழைப்பைச் செய்ய ஆள் கிடைப்பது கடினமாகிவிட்டது. கைத்தொழில் பேக்கரிகள் இன்று 10,000க்கும் குறைந்துவிட்டன. எங்களைப் போன்றவர்களை இந்தியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் பயிற்சிக்கு எடுப்பதற்கு அதுவே காரணம். வாரத்தில் ஒரு ரொட்டியாவது அப்படிப்பட்ட கடையில் வாங்குங்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பொருநை (லைப்சிக்) எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ரோக்கன்மிஷ்ப்ரோட் பாதி வாங்கியிருக்கிறேன். வல்வை ஐயா சொன்னபடி ஓரம் முறுக வாட்டிச் சம்பலோடு சாப்பிட்டேன், உண்மையிலேயே பொருத்தமாக இருந்தது. இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. மீதி ரொட்டியைக் குளிர்பெட்டியில் வைக்கலாமா? ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும்போது பேக்கரி மட்டும் எப்படித் திறந்திருக்கிறது, எத்தனை மணிக்குள் போக வேண்டும்?

மாவுக்காரன் (ஹனோவர்) எழுதியது:

குளிர்பெட்டி வேண்டாம், அக்கா. உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள சூட்டில்தான் மாவுச்சத்து மிக வேகமாக இறுகுகிறது. அதாவது ரொட்டி மிகச் சீக்கிரம் பழையதாவது அங்கேதான். மண்பானையிலோ மூடியுள்ள மரப்பெட்டியிலோ, அறுத்த முகம் கீழே படும்படி நிறுத்தி வையுங்கள். வாரம் ஒருமுறை துகள்களைத் தட்டிவிட்டு, வினிகர் தோய்த்த துணியால் உட்புறத்தைத் துடைத்து உலரவிட்டால் பூஞ்சை வராது. புழுக்கமான கோடையில் மட்டும், பூஞ்சைக்குப் பயந்து குளிர்பெட்டியில் வைப்பவர்கள் உண்டு, அதில் தவறில்லை. ஒரு மூலையில் பூஞ்சை கண்டாலும் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மீதியைச் சாப்பிடாதீர்கள், அதன் இழைகள் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே பரவியிருக்கும்.

ரைன்கரை (கொலோன்) எழுதியது:

ஞாயிறு ஓய்வுநாள் என்பது ஜெர்மன் அரசியல் சட்டத்திலேயே காக்கப்பட்டிருக்கிறது; வைமார் அரசியலமைப்பின் 139ஆம் கூறு இன்றைய சட்டத்தின் 140ஆம் கூறு வழியாக அப்படியே தொடர்கிறது. 1996இல் பேக்கரிகளுக்குச் சில மணி நேரம் விலக்கு அளித்தார்கள். இப்போது அந்த நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உட்கார்ந்து சாப்பிட இடமுள்ள பேக்கரிகள் அந்த நேரத்துக்கு வெளியேயும் ரொட்டியும் ப்ரோட்ஷெனும் விற்கலாம் என்று 2019இல் உச்ச நிலை நீதிமன்றமான புண்டெஸ்கெரிஷ்ட்ஸ்ஹோஃப் தீர்ப்பளித்தது. சட்டம் எப்படி இருந்தாலும் ஒன்பது மணிக்கு மேல் போனால் வரிசை தெருவரை நிற்கும், விதை ஒட்டிய வகைகள் தீர்ந்திருக்கும். எட்டரைக்கே போய்விடுங்கள். சனிக்கிழமையே பெயர் சொல்லி முன்பதிவு செய்தால் பையில் எடுத்து வைத்திருப்பார்கள்.

சைவமேடு (ஸ்டுட்கார்ட்) எழுதியது:

கூடுதலாக வாங்கிய ப்ரோட்ஷென் மீந்தால் அதற்கும் வழி இருக்கிறது. ரை கலக்காத வெள்ளை வகையை மட்டும் எடுத்து, இரண்டு நாள் காயவிட்டு, மெல்லிய துண்டுகளாக அரியுங்கள். வெதுவெதுப்பான பாலை ஊற்றி அரைமணி நேரம் ஊறவிட்டு, வெண்ணெயில் வதக்கிய வெங்காயம், நறுக்கிய பார்ஸ்லி, முட்டை, உப்பு, சிறிது ஜாதிக்காய்த் தூள் சேர்த்துப் பிசைந்து, ஈரக் கையால் உருண்டை பிடியுங்கள். பவேரியாவில் இதற்கு ஸெம்மல்க்னோடல் என்று பெயர். உப்பு நீரைக் கொதிக்கவைத்து, உருண்டைகளை இட்டதும் தணலைக் குறைத்துவிடுங்கள். தளதளவென்று கொதித்தால் உடைந்துவிடும். இருபது நிமிடத்தில் வெந்து மேலே மிதக்கும். காளான் குழம்போடு பரிமாறுங்கள். முட்டை உண்ணாதவர்கள் ஒரு கரண்டி மாவும் ரவையும் சேர்த்துப் பிடித்தால் உருண்டை ஓரளவு நிற்கும்.